இடம் மாறினாலும் அறாத இணைப்பு



இந்த வாரத் தியானத்தின் பொருள் உங்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆராதனை வேளையில் திரையில் பாடல்களையும் வேதபாடங்களையும் காட்டும் நம் வாலிபர்கள் அடிக்கடி சந்திக்கிற ஒரு தொல்லையைப் பற்றியே எழுதுகிறேன். ஆலயத்துக் கணினியில் ஒழுங்காகத் திறக்கிற பாடல், வீட்டு ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுபோகும் மடிக்கணினியில் திறப்பதில்லை. சனிக்கிழமை இரவு சரியாக இருந்தது ஞாயிறு காலையில் வேறொரு கணினியில் வைத்தவுடன் மறுக்கிறது. இது தொழில்நுட்பம் அறிந்தவர்கள் தீர்க்க வேண்டிய காரியம் என்று நாம் கடந்துபோகலாம். ஆனால் அந்தத் தொல்லை ஏன் உண்டாகிறது என்பதைக் கேட்டு அறிந்தபோது, என் உள்ளத்தில் வேறொரு கேள்வி எழுந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். வாலிபர்களுக்கு இதில் நடைமுறைப் பயனும் உண்டு.

1. இணைப்பு எதைச் சுமக்கிறது?

நம் ஆராதனைக்கு ஒரு தாய்க்கோப்பு உண்டு. ஆராதனை முறைமை அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஆரம்பப் பாடல் என்ற வரியைத் தொட்டால் அந்தப் பாடலின் கோப்பு திறக்கும். வேதபாடம் என்ற வரியைத் தொட்டால் வேதபாடத்தின் கோப்பு திறக்கும். ஒவ்வொரு பாடலும் தனித்தனிக் கோப்பாக இருப்பதால், வாரந்தோறும் எல்லாவற்றையும் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான பாடல்களை ஒரு முறை ஆயத்தம் செய்துவிட்டால், பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். நல்ல ஏற்பாடு.

ஆனால் தாய்க்கோப்பிலுள்ள அந்த வரிக்குள் பாடல் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அங்கே இருப்பது பாடலுக்குப் போகும் வழி மட்டுமே. இன்ன வட்டில், இன்ன பயனரின் பெயரில், இன்ன கோப்புறையில், இன்ன பெயருள்ள கோப்பு என்று ஒரு முகவரி எழுதப்பட்டிருக்கிறது. கணினி அந்த முகவரியை நம்பிப் புறப்பட்டுப் போய்த் தேடுகிறது.

இந்த முகவரி இருவகைப்படும். முதலாவது, முழுப் பாதை. வட்டின் எழுத்தில் தொடங்கி, பயனரின் பெயர் வழியாக, கடைசிக் கோப்புறை வரை ஒன்றுவிடாமல் எழுதப்பட்ட முகவரி அது. அந்த ஒரு கணினியில் அது தவறவே தவறாது. ஆனால் வேறொரு கணினியில் அந்தப் பயனரின் பெயர் இல்லை; அந்தக் கோப்புறையும் இல்லை. பென்டிரைவில் வைத்தாலும் தொல்லை தீர்வதில்லை. ஒரு கணினி அதற்கு ‘இ’ என்று எழுத்திடும். மற்றொன்று ‘எஃப்’ என்று எழுத்திடும். எழுத்து ஒன்று மாறினால் முகவரி பொய்யாகிவிடும். பாடலின் கோப்பு அதே பென்டிரைவில் பத்திரமாக இருக்கும்போதே, கோப்பைக் காணவில்லை என்று கணினி சொல்லும்.

இரண்டாவது, சார்புப் பாதை. ‘என் அருகில், நான் இருக்கிற இதே கோப்புறையில் உள்ள இன்ன கோப்பு’ என்று மட்டும் சொல்லுகிற முகவரி அது. அதில் வட்டின் எழுத்தும் இல்லை, பயனரின் பெயரும் இல்லை. தாய்க்கோப்பும் பாடல்களும் சேர்ந்திருக்கிற கோப்புறையை முழுமையாகத் தூக்கிக்கொண்டு எந்தக் கணினிக்குப் போனாலும் இணைப்பு அறுவதில்லை. ஏனெனில் அது இடத்தின்மேல் சாயவில்லை. கூட இருக்கிறவர்மேல் சாய்ந்திருக்கிறது.

ஊடகப் பணியில் இருக்கும் வாலிபர்களுக்கு இதன் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். முதலில் ஒரு கோப்புறையை உண்டாக்குங்கள். தாய்க்கோப்பையும், அது தொடவிருக்கிற எல்லாப் பாடல் கோப்புகளையும் அதிலே சேமியுங்கள். சேமித்த பிறகே இணைப்புகளைக் கொடுங்கள். பல இடங்களில் சிதறிக் கிடக்கும்போது இணைப்புக் கொடுத்துவிட்டுப் பிற்பாடு ஒன்றுசேர்ப்பது பழைய முகவரியைச் சுமந்துகொண்டே இருக்கும். கோப்புகளின் பெயரை இணைத்தபின் மாற்றாதீர்கள். வாட்ஸ்அப்பில் தாய்க்கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள். அது தனியே போகும், பாடல்கள் பின்தங்கிவிடும். கோப்புறையைச் சுருக்கி ‘ஜிப்’ ஆக அனுப்பினால், பெறுகிறவர் அதை முழுவதும் விரித்துச் சேமித்த பிறகே திறக்க வேண்டும். விரிக்காமல் உள்ளிருந்தபடியே திறந்தால் இணைப்புகள் வேலை செய்வதில்லை. பவர்பாயிண்டில் ‘ஃபைல்’, ‘எக்ஸ்போர்ட்’ என்று போனால் ‘பேக்கேஜ் பிரசென்டேஷன் ஃபார் சிடி’ என்றொரு வசதி உண்டு. குறுந்தகடு இல்லாமலும் அதைப் பயன்படுத்தலாம். ‘காப்பி டு ஃபோல்டர்’ என்பதைத் தெரிந்தெடுத்தால், இணைக்கப்பட்ட ஒலி, காணொளி போன்றவற்றைத் திரட்டி ஒரே கோப்புறையில் வைத்துத் தரும். லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு, முகவரிகளைச் சார்புப் பாதையாகவே சேமிக்கும்படி கட்டளையிடும் ஒரு தெரிவு அதன் அமைப்புகளில் இருக்கிறது. இவை எல்லாம் செய்த பின்னும், அந்தக் கோப்புறையை வேறொரு கணினியில் ஒரு முறை திறந்து, ஒவ்வொரு வரியையும் தொட்டுப் பாருங்கள். ஆயத்தம் செய்த கணினியிலேயே சோதித்துப் பார்ப்பது சோதனை ஆகாது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் கேள்வி பிறந்தது. நம்முடைய விசுவாசத்தை எந்த இடத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறோம்?

2. முழுப் பாதையில் எழுதப்பட்ட பக்தி

பிரியமானவர்களே, ஒவ்வொரு ஆண்டும் நம் சபையிலிருந்து பிள்ளைகள் புறப்பட்டுப் போகிறார்கள். கல்லூரிக்குக் கோயம்புத்தூர், வேலைக்குச் சென்னை, பெங்களூரு, அதற்கப்பால் துபாய், தோகா, சிங்கப்பூர். போகுமுன் பெற்றோரோடு வந்து முழங்காற்படியிட்டு ஜெபித்துப் போகிறார்கள். ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவர்கள், பாடகர் குழுவில் பாடியவர்கள், திடப்படுத்தல் வகுப்பில் முன்வரிசையில் இருந்தவர்கள். ஓராண்டு கழிந்தபின் தாயார் ஒருவர் ஆராதனை முடிந்து எல்லோரும் போகும் வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில், “ஐயா, அவன் அங்கே கோவிலுக்கே போகிறதில்லையாம். கேட்டால் கோபப்படுகிறான். நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்கள்” என்று சொல்லுகிறார். ஒரு தாயார் மட்டுமல்ல. பெயர்கள் மாறுகின்றன, கண்ணீர் ஒன்றாகவே இருக்கிறது.

அந்தப் பிள்ளைகள் விசுவாசத்தை மறுதலித்துவிட்டார்கள் என்று அவசரமாகத் தீர்ப்புச் சொல்ல என்னால் இயலவில்லை. அவர்களில் சிலரோடு பேசியிருக்கிறேன். அவர்களுடைய பக்தி உண்மையானதுதான். ஆனால் அது முழுப் பாதையில் எழுதப்பட்டிருந்தது. இந்த ஆலயத்து மணி ஒலித்தால் எழுந்திருப்பது, அப்பா சட்டை மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டால் புறப்படுவது, இடப்புறத்து மூன்றாம் பெஞ்சு, நண்பர்கள், பாடகர் குழுவின் சனிக்கிழமைப் பயிற்சி. இந்த முகவரியில் ஒவ்வொரு பகுதியும் சரியாக இருந்தவரை இணைப்பு வேலை செய்தது. பெங்களூருவில் ஒரு விடுதி அறையில் மணி ஒலிக்கவில்லை. சட்டை மாட்டும் சத்தமும் கேட்கவில்லை. முகவரி போய்ச் சேருமிடத்தில் ஒன்றுமில்லை. “இங்கே அந்த உணர்வே வருவதில்லை, ஐயா” என்று ஒரு தம்பி சொன்னது அதைத்தான்.

வேதாகமத்திலே இப்படி இடத்தின்மேல் சாய்ந்த பக்தியை எரேமியா தீர்க்கதரிசி ஆலயத்தின் வாசலிலேயே நின்று கண்டித்தார். அவருடைய புத்தகத்தின் 7 ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். இது கர்த்தரின் ஆலயம் என்று மூன்று முறை சொல்லித் தங்களைத் தேற்றிக்கொண்ட மக்கள் அவர்கள். ஆலயம் இருக்கும் வரை தங்களுக்குக் குறைவில்லை என்று நம்பினார்கள். பின்பு ஆலயம் இடிந்தது. மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். முகவரி முழுவதும் ஒரே நாளில் பொய்யாயிற்று.

ஆனால் அதே பாபிலோனில் என்ன நடந்தது? கேபார் நதிக்கரையில், சிறைப்பட்டவர்களின் நடுவில், எசேக்கியேலுக்கு வானங்கள் திறக்கப்பட்டன. அவர் கண்ட தரிசனத்தில் கர்த்தருடைய மகிமை சக்கரங்களோடு கூடியதாக இருந்தது. எருசலேமில் அசையாமல் வீற்றிருப்பார் என்று அவர்கள் எண்ணியவர், அவர்கள் போன தேசத்துக்கு அவர்களோடு வந்திருந்தார். அந்நிய தேசங்களில் தாமே அவர்களுக்குப் பரிசுத்த ஸ்தலமாயிருப்பதாக 11 ஆம் அதிகாரத்தில் அவர் வாக்களிக்கிறார்.

இதற்கு வெகுகாலத்துக்கு முன்னரே சீனாய் மலையில் ஒரு சிறிய கட்டளை கொடுக்கப்பட்டிருந்தது. உடன்படிக்கைப் பெட்டியைச் சுமக்கும் தண்டுகளை அதன் வளையங்களிலிருந்து கழற்றக் கூடாது என்பதே அது. யாத்திராகமம் 25 ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மற்றப் பணிமுட்டுகளுக்குச் சொல்லாத இந்தக் கட்டளை பெட்டிக்கு மட்டும் ஏன்? வேதபண்டிதர் பலவாறு விளக்குவார்கள். எனக்குத் தோன்றுவது இது: எந்த இடத்திலும் இதுவே கடைசி இடம் என்று எண்ணிவிடாதபடி, எப்பொழுதும் புறப்பட ஆயத்தமாக அந்தப் பெட்டி இருந்தது. சாலொமோன் கேதுருவும் பொன்னும் இழைத்துக் கட்டிய ஆலயத்தில் வைக்கப்பட்ட பிறகும் அந்தத் தண்டுகள் கழற்றப்படவில்லை என்பதை 1 இராஜாக்கள் 8 ஆம் அதிகாரம் சொல்லுகிறது. கல்லாலான வீட்டுக்குள்ளும் பயணத்தின் அடையாளம் இருந்தது.

3. நாகமான் கேட்ட மண்

இடத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இடத்தின்மேல் அன்பு கொள்வது பாவமன்று. சீரியாவின் படைத்தலைவனான நாகமான் யோர்தானில் முழுகிச் சுகமடைந்தபின் எலிசாவிடம் ஒரு விநோதமான வேண்டுகோளை வைத்தான். இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கத்தக்க அளவு இஸ்ரவேல் நாட்டு மண்ணைத் தனக்குத் தர வேண்டும் என்று கேட்டான். இனிக் கர்த்தர் ஒருவரையே தொழப்போகிறேன் என்று அறிக்கையிட்டவன், அதைத் தமஸ்குவில் எந்தத் தரையில் நின்று செய்வது என்று தவித்தான்போலும். மண்ணோடு தேவன் கட்டப்பட்டிருக்கிறார் என்று அவன் நினைத்திருக்கலாம். எலிசா அவனைப் பரிகசிக்கவில்லை. வேதபாடம் நடத்தித் திருத்தவும் இல்லை. சமாதானத்தோடே அவனை அனுப்பிவைத்தார்.

இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம், வெளியூர் போகும் பிள்ளையின் பெட்டியில் பழைய பாட்டுப்புத்தகத்தையும், தாத்தாவின் வேதாகமத்தையும், ஆலயத்தின் நாட்காட்டியையும் துணிகளின் நடுவே செருகி வைக்கிற தாயாரை நினைக்கிறேன். அது நம் இரண்டு கழுதைச் சுமை மண். எடுத்துச் செல்லட்டும். கோப்புறையோடு சேர்த்துப் போகிற பொருள் வீணாவதில்லை. ஆனால் மண் தொழுகிறதில்லை. நாகமான்தான் தொழ வேண்டும். நாட்காட்டி சுவரில் தொங்கும். ஜெபிக்க வேண்டியவன் பிள்ளை.

சமாரியப் பெண் கிணற்றடியில் கேட்டதும் முகவரியைப் பற்றிய கேள்விதான். தொழுதுகொள்ள வேண்டியது இந்த மலையிலா, எருசலேமிலா என்று கேட்டாள். ஆண்டவர் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்துத் தரவில்லை. பிதாவை ஆவியோடும் உண்மையோடும் தொழுகிற காலத்தை அவளுக்குக் காட்டினார். உயிர்த்தெழுந்தபின் சீஷர்களை உலகத்தின் எல்லைகளுக்கு அனுப்பியபோதும், திரும்பி வர ஓர் இடத்தைக் குறித்துக் கொடுக்கவில்லை. முடிவுபரியந்தம் கூடவே இருப்பதாக வாக்களித்தார். மத்தேயு தம் சுவிசேஷத்தை அந்த வாக்கோடுதான் முடிக்கிறார். சார்புப் பாதை என்பது இதுதான்: அவர் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டாம், நான் இருக்கும் இடத்தில் அவர் என்னோடு இருக்கிறார்.

4. உள்ளே பதிந்தது

கணினியில் இணைப்பைத் தவிர வேறொரு முறையும் உண்டு. ஒரு படத்தைச் சாதாரணமாகச் செருகினால் அது கோப்பின் உள்ளேயே பதிந்துவிடும். அதன்பின் முகவரியே தேவையில்லை. பவர்பாயிண்டின் 2003, 2007 பதிப்புகளில் காணொளி வெளியே தனிக் கோப்பாக நின்றது. 2010 பதிப்பு முதல் அதுவும் உள்ளேயே பதியத் தொடங்கியது. இதற்கு ஒரு விலை உண்டு. உள்ளே பதிந்தால் கோப்பு கனக்கும், அனுப்ப நேரமாகும். ஆகவே பலர் எளிதான இணைப்பையே தெரிந்துகொள்ளுகிறார்கள். எனினும் தவறக் கூடாத பொருளை உள்ளே பதிப்பதே நலம்.

இந்த வேறுபாட்டை நான் விளங்கிக்கொண்டது ஒரு நினைவு ஆராதனையில். நம் ஊரிலிருந்து சற்றுத் தொலைவில், உறவினர் ஏற்பாடு செய்த ஒரு மண்டபத்தில், மறைந்த ஒரு மூப்பருக்காக ஸ்தோத்திரக் கூட்டம் நடந்தது. அவர் குடும்ப ஜெபத்தில் 121 ஆம் சங்கீதத்தை வாசிப்பதை மகன் முன்பொரு நாள் கைப்பேசியில் பதிவு செய்திருந்தார். தந்தையின் படங்களையெல்லாம் கோத்து, கடைசிப் படத்தில் அந்தக் குரல் ஒலிக்கும்படி அமைத்திருந்தார். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசிப் படம் வந்தது. குரல் வரவில்லை. குரல் இருந்த கோப்பு மகனுடைய அலுவலகக் கணினியிலேயே தங்கிவிட்டது. மண்டபத்துக்கு வந்தது அதன் முகவரி மட்டுமே. மகன் மறுபடியும் மறுபடியும் அந்தக் குறியைத் தொட்டார். மண்டபம் அமைதியாக இருந்தது. அவருடைய முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

முன்வரிசையில் இருந்த அம்மையார், மூப்பரின் மனைவி, மகனைக் கையசைத்து அருகில் அழைத்தார். “விடு, தம்பி. அது எனக்குத் தெரியும்” என்றார். எழுந்து நிற்க முடியாதவராகையால் நாற்காலியில் இருந்தபடியே அந்தச் சங்கீதத்தை முதல் வசனத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். இரண்டாம் வசனத்தில் பேரப்பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். கணவர் எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குவாரோ அந்த இடத்தில் அவரும் நிறுத்தினார் என்று பிற்பாடு மகன் என்னிடம் சொன்னார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் மாலைதோறும் அந்த வீட்டில் ஒலித்த வார்த்தைகள் அவை. அவரை எந்த மண்டபத்துக்கு அழைத்துப் போயிருந்தாலும் அவை கூடவே போயிருக்கும்.

அந்தக் குரல் ஒலிக்காமல் போனது நன்மைக்கே என்று நான் சொல்ல மாட்டேன். இறந்தவரின் குரலைக் கேட்க ஏங்கிய ஒரு மகனிடம் அப்படிச் சொல்வது இரக்கமாகாது. அந்தப் பதிவு இன்றும் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. அதற்காகத் தேவனைத் துதிக்கிறேன். நான் சொல்ல விரும்புவது வேறு. வேதாகமம் அலமாரியில் எங்கே இருக்கிறது என்று அறிந்திருப்பது இணைப்பு. கைப்பேசியில் எந்தச் செயலியில் வசனம் கிடைக்கும் என்று அறிந்திருப்பதும் இணைப்பே. அவை வேண்டும். ஆனால் மருத்துவமனையின் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு நம்மை அனுப்பும் நாளில், நம்மோடு உள்ளே வருவது உள்ளே பதிந்தது மாத்திரமே. 119 ஆம் சங்கீதத்தின் ஆசிரியர் தேவனுடைய வார்த்தையைத் தம் இருதயத்தில் வைத்துக்கொண்டதாகச் சொல்வது இதைத்தான். உபாகமம் 6 ஆம் அதிகாரமும் முதலில் பெற்றோரின் இருதயத்தில் வார்த்தை இருக்க வேண்டும் என்கிறது. அதன்பின்னரே வீட்டிலும் வழியிலும் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லுகிறது. பெற்றோருக்குள் பதியாததைப் பிள்ளைக்குள் பதிப்பது அரிது.

5. திறந்தும் வாசிக்க முடியாத எழுத்து

இன்னுமொரு தொல்லையையும் வாலிபர்கள் சொல்லுவார்கள். இணைப்பு அறவில்லை, கோப்பும் திறக்கிறது, ஆனால் திரையில் தமிழ் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடல்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் காட்சியளிக்கின்றன. பாடல் ஓர் எழுத்தும் குறையாமல் உள்ளே இருக்கிறது. அதை வாசிக்கும் திறன் அந்தக் கணினிக்கு இல்லை. இதற்கு மருந்து, பாடல்களை யுனிகோடு எழுத்துக்கு மாற்றுவது. அல்லது சேமிக்கும்போது எழுத்துருவையும் கோப்பினுள் பதிந்து அனுப்புவது.

நம் வீடுகளில் இது நடக்கிறதா இல்லையா என்று சிந்தித்துப் பாருங்கள். பிள்ளையின் கையில் நாம் நல்ல வேதாகமத்தைக் கொடுக்கிறோம். பத்து ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கவே பத்து நிமிடம் ஆகிறது. ‘இரட்சிப்பு’, ‘நீதிமானாக்குதல்’, ‘பரிந்துபேசுதல்’ என்னும் சொற்கள் அதற்கு அரைப்புள்ளிகளாகவே தெரிகின்றன. பிள்ளை ஆலயத்தில் அமர்ந்திருக்கிறது, இணைப்பு இருக்கிறது, வாசிக்க முடியவில்லை. இதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. நெகேமியாவின் நாட்களில் எஸ்றாவும் லேவியரும் நியாயப்பிரமாணத்தை வாசித்ததோடு நின்றுவிடவில்லை. ஜனங்கள் விளங்கிக்கொள்ளும்படி அர்த்தத்தையும் சொன்னார்கள். தாய்மொழியில் வேதத்தை வாசிக்கப் பிள்ளைகளுக்கு மாலையில் பத்து நிமிடம் கற்றுக்கொடுங்கள். அது வரையில், அவர்கள் அறிந்த மொழியில் அதன் பொருளைச் சொல்லத் தயங்காதீர்கள். பெந்தெகொஸ்தே நாளில் பரிசுத்த ஆவியானவர் கேட்பவருடைய மொழிக்கு இறங்கி வந்தார், நாமும் இறங்கலாம்.

6. மூவருக்கு ஒரு வார்த்தை

புறப்பட்டுப் போகிற வாலிபர்களே, தானியேலை நினைத்துக்கொள்ளுங்கள். இளவயதில் அந்நிய நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர் அவர். ஆலயம் இல்லை, பெற்றோர் அருகில் இருந்ததாக வேதம் சொல்லவில்லை, அவருக்கு இடப்பட்ட பெயரும் புதியது. எனினும் முதிர்ந்த வயதிலும் தினம் மூன்று வேளை எருசலேமை நோக்கிய பலகணிகளைத் திறந்து முழங்காற்படியிட்டார். எருசலேமை அவர் மறக்கவில்லை. ஆனால் எருசலேமுக்குப் போனால்தான் ஜெபிப்பேன் என்று காத்திருக்கவும் இல்லை. நீங்கள் போகும் ஊரில் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு சபையைக் கண்டடையுங்கள். நம் சபையைப்போல் அது இராது. பாடல் வேறாயிருக்கும், முறைமை வேறாயிருக்கும். பரவாயில்லை. நாளடைவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட முதல் ஞாயிறுதான் பலருக்கு ஓராண்டாக நீண்டது.

பெற்றோரே, பிள்ளை இன்னும் உங்கள் வீட்டில் இருக்கும்போதே வேறொரு கணினியில் சோதித்துப் பாருங்கள். நீங்கள் எழுப்பாத ஒரு காலையில் அவன் ஜெபிக்கிறானா? நீங்கள் ஊரில் இல்லாத ஞாயிறன்று அவள் ஆலயத்துக்குப் போகிறாளா? போகவில்லையென்றால் அடிக்கவோ அழவோ வேண்டாம். எந்த இணைப்பு உங்கள்மேல் சாய்ந்திருக்கிறது என்று கண்டுகொண்டீர்கள். அதை ஆண்டவர்மேல் திருப்பிவைக்க இன்னும் காலம் இருக்கிறது. தீமோத்தேயுவின் விசுவாசத்தைக் குறித்துப் பவுல் எழுதுகையில் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் நினைவுகூருகிறார். அந்த இருவரும் லீஸ்திராவில் தங்கியிருக்க, மகனோ பட்டணம் பட்டணமாகப் பயணப்பட்டான். அவர்களுக்குள் இருந்தது அவனுக்குள்ளும் இருந்ததால்தான் அது இயன்றது.

ஊரிலேயே தங்கியிருக்கிற நமக்கும் ஒரு கடமை உண்டு. நம் பிள்ளைகள் வெளியூர் போகிறதுபோல, வேறு ஊர்ப் பிள்ளைகள் நம் ஊருக்கு வந்திருக்கிறார்கள். தொழிற்சாலை விடுதிகளில், கல்லூரி விடுதிகளில், வங்கியில் புதிதாகச் சேர்ந்தவர்களில் அவர்கள் இருக்கிறார்கள். கடைசிப் பெஞ்சில் தனியே அமர்ந்து, ஆசீர்வாதம் கூறியவுடன் யாரோடும் பேசாமல் போய்விடுகிற அந்தப் புதிய முகம், யாரோ ஒரு தாயாருடைய ஜெபத்தின் பொருள். அவர்களை மதியச் சாப்பாட்டுக்கு அழையுங்கள். உங்கள் மகனுக்கு ஒருவர் அங்கே செய்ய வேண்டும் என்று விரும்புவதை இவர்களுக்கு நீங்கள் இங்கே செய்யுங்கள்.

உவமைகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. இந்த உவமைக்கும் உண்டு. கணினியில் அறுந்த இணைப்பு அறுந்தபடியே கிடக்கும். காணாமற்போன பாடல், தாய்க்கோப்பைத் தேடிப் புறப்பட்டு வருவதில்லை. ஆனால் நம் ஆண்டவர் அப்படியல்ல. லூக்கா 15 ஆம் அதிகாரத்தில் ஆடு மேய்ப்பனைத் தேடவில்லை. மேய்ப்பன்தான் ஆட்டைத் தேடிப் போனான், கண்டுபிடிக்கும் வரை தேடினான். எந்தத் தாயாரும் ‘என் பிள்ளையின் இணைப்பு அறுந்தே போயிற்று’ என்று நம்பிக்கை இழக்க வேண்டாம். அவனுக்கு அவர் இருக்குமிடம் தெரியாமற்போகலாம். அவனுடைய அறை எண் அவருக்குத் தெரியும்.

ஜெபிப்போம்.

எங்கள் பரம பிதாவே, போகிற இடமெல்லாம் எங்களோடு வருகிறவரே, உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். எங்கள் சபையை விட்டுத் தூர ஊர்களுக்குப் போயிருக்கிற பிள்ளைகள் ஒவ்வொருவரையும் இந்நேரம் உம் சமுகத்தில் நினைக்கிறோம். அவர்கள் தங்கியிருக்கும் அறைகளில் அவர்களைச் சந்தியும். அவர்களுக்காகக் கண்ணீரோடு காத்திருக்கிற தாய் தகப்பன்மாரைத் தேற்றும். உம்முடைய வார்த்தை எங்கள் கையில் மட்டுமல்ல, எங்கள் உள்ளத்திலும் தங்கும்படி அதை ஆழமாய்ப் பதித்தருளும். எங்கள் நடுவில் புதிதாய் வந்திருக்கிறவர்களைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவரும் இரட்சகருமாகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், பிதாவே. ஆமென்.